வீட்டில் மருந்து, ஆஸ்பத்திரியில் மூலிகை

"வேற ஏதாவது மருந்து எடுத்துக்கிறியாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். "இல்லை டாக்டர்" என்றாள் அக்கா மகள்.

பிரசவமாகி 12-ஆம் நாள். பிரஷர் இன்னும் இறங்கவில்லை என்று மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். நான் துணைக்குப் போயிருந்தேன். அவள் பொய் சொல்கிற பெண் இல்லை. அன்று காலையிலும் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு பேறுகால மருந்தை உருட்டி அவள் வாயில் போட்டுவிட்டுத்தான் அக்கா எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். மடியில் இருந்த பையில் ஃபிளாஸ்க் நிறைய 'தாய்ப்பால் டீ'. நாளுக்கு நான்கு டம்ளர் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் மறைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. டாக்டர் கேட்ட கேள்விக்குள் அவை வரும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் அதன் பெயரே மருந்து. "மருந்து சாப்பிட்டியா?", "மருந்து சாப்பிட்டதும் தண்ணி குடிக்காதே", "மருந்து உள்ளே போயிருக்கு, பத்தியம் இருக்கணும்" என்று நாளெல்லாம் சொல்கிறோம். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அதுவே "சும்மா மூலிகைதானே" ஆகிவிடுகிறது. கர்ப்பப்பையைச் சுருக்கும், வாயுவை எடுக்கும், இடுப்புக்குப் பலம் தரும், பாலைப் பெருக்கும் என்று அதன் ஆற்றலைப் பட்டியல் போடுகிறவர்களே, கெடுதல் என்று ஒன்று அதனால் வரவே வராது என்றும் சொல்கிறார்கள். உடம்புக்குள் போய் இத்தனை வேலை பார்க்கும் பொருள், செய்யக் கூடாத ஒரு வேலையையும் செய்யாது என்று நம்பச் சொல்கிறார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு மூலிகை எதுவானாலும் கெடுதல் இல்லை என்ற இந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன். மூலிகையை மறுக்கவில்லை. என் இரண்டு பிரசவத்துக்கும் அம்மா கிண்டிக் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டவள் நான். கருப்பட்டிப் பாகு பதம் வந்து நல்லெண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது எழும் அந்த வாசம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

"பக்க விளைவு இல்லை" என்ற சொல் நம் மரபிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சித்த மருத்துவம் படித்த எவரையாவது கேட்டுப் பாருங்கள். எந்தச் சரக்கையும் அப்படியே உபயோகிக்கக் கூடாது, முதலில் சுத்தி செய்ய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய முதல் பாடம். சுக்கென்றால் தோலைச் சீவ வேண்டும், கடுக்காய் என்றால் கொட்டையை நீக்க வேண்டும். சேங்கொட்டைக்குச் சுத்தி முறை தனி. எந்த அளவு, எந்த அனுபானம், எத்தனை நாள், என்ன பத்தியம் என்று எல்லாவற்றுக்கும் வரையறை உண்டு. சரக்கு தீங்கும் செய்யும் என்று தெரிந்தவர்கள் போட்ட வரையறை அது. நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் விதிகளில் 'இ(1)' என்று ஓர் அட்டவணை இருக்கிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுச் சரக்குகளின் பட்டியல் அது. எட்டி, ஊமத்தை, குன்றிமணி, நாபி, சேங்கொட்டை எல்லாம் அதில் உள்ளன. இவை சேர்ந்த உள்மருந்தை மருத்துவர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும் என்று லேபிளில் அச்சிட வேண்டும். மரபும் சொல்லாததை, சட்டமும் சொல்லாததை டீப் பெட்டியின் அட்டை சொல்கிறது. நாம் அதை மரபு என்று எடுத்துக்கொண்டோம்.

மூலிகைக்கு ஆற்றல் உண்டா என்று கேட்டால் உண்டு என்றே நானும் சொல்வேன். குழந்தை இறந்துபோன தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கும்போது மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டும் வழக்கம் நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். 1988-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த வழக்கத்தை, பால் வற்றக் கொடுக்கப்படும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் மாத்திரையில் கூடுதலாகக் குறைந்தது என்றாலும் பூவிலும் குறையத்தான் செய்தது. வாய்க்குள்ளேயே போகாமல் தோலின் மேல் கட்டிய பூவுக்கு இந்த ஆற்றல் என்றால், காய்ச்சி வடித்து நாளுக்கு நான்கு டம்ளர் குடிப்பதற்கு ஒன்றும் இருக்காது என்று எந்த நியாயத்தில் சொல்வது?

அந்த டீப் பெட்டிக்கு வருகிறேன். டாக்டர் அறைக்கு வெளியே மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தபோதுதான் அதைத் திருப்பிப் படித்தேன். சோம்பு, வெந்தயம், மூன்றாவதாக அதிமதுரம். எனக்குத் திக்கென்றது. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின் என்ற பொருள். சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதி இருக்கிறது. கிளைசிரைசின் உடம்புக்குள் மாறி அந்த நொதியைத் தடுக்கிறது. அதனால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியம் வெளியேறும், பிரஷர் ஏறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003-இல், கிளைசிரைசின் நாளுக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று சொன்னது. தொண்டைக்கு ஒரு துண்டு அதிமதுரத்தைச் சப்புகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. பிரசவத்துக்குப் பிறகு பிரஷர் இறங்காமல் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்குப் பெரிய விஷயம். நான்கு டம்ளரில் எவ்வளவு கிளைசிரைசின் போகிறது என்று பெட்டியில் இல்லை. பேறுகால மருந்திலும் அதிமதுரம் இருந்தது. அதில் எவ்வளவு என்று அக்காவுக்கும் தெரியாது.

அந்த டீயால்தான் பிரஷர் இறங்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நான் திரும்ப உள்ளே போய்ப் பெட்டியைக் காட்டியதும் டாக்டர் டீயை நிறுத்தச் சொன்னார், மாத்திரையின் அளவையும் அன்றே கூட்டினார். பிறகு பிரஷர் இறங்கியது. எதனால் இறங்கியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் 12 நாளாக அவள் உடம்பில் என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு வைத்தியம் பார்த்த யாருக்கும் தெரியாமல் இருந்தது என்பது உறுதி.

குழந்தைக்கு என்ன ஆகும்? இத்தாலியில் பதிவாகி 1994-இல் ஒரு குழந்தை மருத்துவ இதழில் வந்த இரண்டு குழந்தைகளின் கதையைச் சொல்கிறேன். இரண்டு தாய்மாரும் பால் ஊற வேண்டும் என்று நாளுக்கு 2 லிட்டருக்கு மேல் மூலிகை டீ குடித்தார்கள். அதிலும் அதிமதுரம், சோம்பு வகைகள், பால் பெருக்கும் என்று அந்த ஊரில் நம்பப்படும் ஒரு செடி. பச்சிளம் குழந்தைகள் துவண்டு போயின. அழுகை மெலிந்தது, பால் இழுத்துக் குடிக்கத் தெம்பில்லை. கிருமித் தொற்றோ என்று தேடிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. டீயை நிறுத்தி, இரண்டு நாள் தாய்ப்பாலையும் நிறுத்தி வைத்ததில் குழந்தைகள் ஓரிரு நாளில் தேறின. தாங்களும் சோர்ந்து தூங்கி வழிந்ததைத் தாய்மார் பிறகுதான் சொன்னார்கள். பிரசவக் களைப்பு என்று நினைத்திருந்தார்களாம்.

வெந்தயத்தையும் பார்ப்போம். பிரசவ வலியின்போது வெந்தயம் சாப்பிட்ட பெண்களின் குழந்தைகளுக்குப் பிறந்ததும் சிறுநீரில் காய்ச்சிய சர்க்கரைப் பாகு வாசம் வந்து, 'மேப்பிள் சிரப் யூரின் டிசீஸ்' என்ற ஆபத்தான பரம்பரை நோயோ என்று மருத்துவர்கள் பதறியது பதிவாகியிருக்கிறது. நோய் எதுவும் இல்லை, வெந்தயத்தின் வாசம் அது. குழந்தைகளுக்குத் தீங்கு வரவில்லை. என்றாலும் தாய் விழுங்கியது குழந்தையின் உடம்பு வரை போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டுமா? குழம்பில் தாளிக்கும் வெந்தயத்தைப் பற்றி நான் பேசவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரோ, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறவரோ, வெந்தயப் பொடியைக் கரண்டி கரண்டியாக மூன்று வேளை விழுங்கினால் அந்த மருந்துகளின் கணக்கு மாறிப்போகும். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள்.

சரக்கு சரியான சரக்குதானா என்பது அடுத்த கேள்வி. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் வயிற்று வலிக்கு அதைக் காய்ச்சிக் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. 2003-இல் அமெரிக்காவில் அந்த டீ குடித்த சுமார் 40 பேருக்கு வலிப்பும் வாந்தியும் கண் நடுக்கமும் வந்தன. அவர்களில் ஏறக்குறைய 15 பேர் கைக்குழந்தைகள். அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அந்த டீயைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் ஜப்பானிய அன்னாசிப்பூ ஒன்று இருக்கிறது. அது நரம்பைத் தாக்கும் நஞ்சு. காய்ந்து, உடைந்து, பொடியான பிறகு இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. நம் நாட்டு மருந்துக் கடையிலும் ஒரு சரக்கு கிடைக்காதபோது அதன் இடத்தில் இன்னொன்று வருவது வழக்கம்தான். நன்னாரிக்குப் பதில் மாகாளிக்கிழங்கு வருவது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் ஆபத்தில்லை. எல்லா மாற்றும் அப்படி இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் தாய்ப்பாலில் கலக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்க அதில் கொஞ்சம் போதும்.

இத்தனையும் சொன்ன பிறகு வரும் பதில் ஒன்றுதான்: "காலங்காலமா சாப்பிடுறோம், எங்க பாட்டிக்கு எட்டுப் பிள்ளை, எல்லாரும் நல்லாத்தானே இருந்தாங்க?" நல்லாயிருந்தவர்கள்தான் இன்று இதைச் சொல்ல இருக்கிறார்கள். 1971-இல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அது 28, தமிழ்நாட்டில் 13. அன்று இறந்த குழந்தைகளை மூலிகை கொன்றது என்று நான் சொல்லவில்லை. பாட்டி பெற்றது எட்டா பத்தா என்று விசாரித்துவிட்டு அந்தக் கணக்கை எடுங்கள் என்கிறேன்.

அனுபவத்தின் கண்ணுக்குச் சில தெரியும், சில தெரியவே தெரியாது. குடித்த அன்றே வயிறு கழிந்தால் தெரியும். மெல்ல ஏறும் ஈயம் தெரியாது. இதற்கு நம் பழைய சென்னை மாகாணமே சான்று. மாகாணத்தின் வடக்கே, மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட தெலுங்கு மாவட்டங்களில், தாய்ப்பால் மட்டும் குடித்துவந்த சில மாதக் குழந்தைகள் திடீரென்று மூச்சுத் திணறி இறந்தன. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் அய்க்ராய்டும் கிருஷ்ணனும் இதை ஆராய்ந்து 1941-இல் எழுதினார்கள். தாயின் சாப்பாட்டில் தயமின் என்ற பி1 வைட்டமின் போதவில்லை, அதனால் பாலிலும் போதவில்லை. குழந்தைக்கு வந்தது பெரிபெரி. அந்தப் பால் பார்வைக்கு எல்லாப் பாலையும் போலத்தான் இருந்தது. தாயும் நடமாடிக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்திலேயே இருந்து பார்த்த தாய்க்கும் பாட்டிக்கும் அன்பில் குறைவில்லை, கவனத்தில் குறைவில்லை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடிய விஷயமாக அது இல்லை. பத்தியம் என்ற பேரில் காயும் பருப்பும் பழமும் மறுக்கப்பட்டு, சோறும் மிளகு ரசமுமாக நாற்பது நாள் இருக்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

சரி, பாலாவது ஊறுகிறதா? உலகெங்கும் நடந்த 41 சோதனைகளை, 3,005 தாய்மார் பங்கேற்றவற்றை, 2020-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. சில மூலிகைகள் பால் அளவைக் கூட்டக்கூடும், ஆனால் சான்றுகள் மிகப் பலவீனம், பக்க விளைவுகளைச் சரியாகப் பதிவு செய்யவே இல்லை என்பதுதான் கிடைத்த முடிவு. நம் தண்ணீர்விட்டான் கிழங்கை எடுத்துக்கொண்டால், 1996-இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த சோதனை வெற்றுப் பொடிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்றது. 2011-இல் வந்த இன்னொன்று பலன் இருக்கிறது என்றது. ஆக, இன்னும் முடியாத வழக்கு இது. தீர்ப்பு வந்துவிட்டதுபோல டப்பாவில் அச்சடித்து விற்கிறார்கள்.

பூண்டைப் பற்றி மட்டும் எனக்குப் பிடித்த ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மெனெல்லா, போஷாம்ப் என்ற இருவர் 1991-இல் வெளியிட்டது. தாய் பூண்டு சாப்பிட்டதும் பாலில் அந்த வாசம் ஏறியது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. பூண்டு உரித்து உரித்து நகம் எரிய நம் அம்மாக்கள் பூண்டுக் குழம்பு வைத்ததற்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. பால் சுறாப் புட்டும் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் அப்படித்தான். அவை சாப்பாடு. பெற்ற உடம்புக்குச் சாப்பாடு வேண்டும், தாராளமாக வேண்டும்.

பொடியாலும் டீயாலும் வரும் மோசமான கேட்டை எந்த ஆய்வகத்தாலும் அளக்க முடியாது. அது வீணாகும் நாட்கள். பால் ஊறுவது குழந்தை எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. மார்பு காலியாக ஆகத்தான் புதிதாக ஊறும். குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் பால் வராது, கருவளையமும் சேர்ந்து வாய்க்குள் போக வேண்டும். நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருந்தாலும், தைராய்டு குறைவாக இருந்தாலும், பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தாலும் பால் குறையும். இவற்றில் எதையும் வெந்தயம் சரிசெய்யாது. பிறந்த குழந்தை முதல் சில நாளில் கொஞ்சம் எடை குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிவிட வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். இது நடக்கவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். "இந்தப் பொடி ஒரு வாரம் ஆனாத்தான் வேலை செய்யும்" என்று காத்திருக்கும் அந்த ஒரு வாரம் குழந்தையின் வாரம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். இதே தாய்மார்தான் "பால் கொடுக்கிறேன், மாத்திரை வேண்டாம்" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறார்கள், வலிப்பு மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைக்கிறார்கள். பாரசிட்டமாலோ அமாக்ஸிசிலினோ தைராய்டு மாத்திரையோ தாய்ப்பாலில் எவ்வளவு போகிறது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். தாய் எடுக்கும் அளவில், உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் பத்து சதவீதத்துக்கும் கீழே குழந்தைக்குப் போகும் மருந்துகளைப் பொதுவாக ஏற்கலாம் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. 2006 முதல் 'லாக்ட்மெட்' என்ற அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத் தரவுத்தளத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், மூலிகைகளும் அதில் உண்டு. ஆங்கில மருந்தின் தாளில் பக்க விளைவுப் பட்டியல் நீளமாக இருப்பதற்குக் காரணம் யாரோ எண்ணியிருக்கிறார்கள் என்பது. பொட்டலத்துத் தாள் வெறுமையாக இருப்பதற்குக் காரணம் யாரும் எண்ணவில்லை என்பது. அளந்ததைப் பயந்து தள்ளுகிறோம், அளக்காததை நம்பிக் குடிக்கிறோம்.

இதில் மருத்துவர்களுக்கும் பங்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். "கண்டதையும் சாப்பிடாதே" என்று ஒரு அதட்டலில் முடித்துவிடுகிறார்கள். அதட்டினால் பெண்கள் நிறுத்துவதில்லை, மறைக்கிறார்கள். "மருந்து எடுக்கிறீங்களா" என்று கேட்டால் நம் பெண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். "வீட்டுல என்ன லேகியம் குடுக்கிறாங்க? என்ன கஷாயம், என்ன டீ? குழந்தைக்கு நாக்குல என்ன வைக்கிறீங்க?" என்று கேட்க வேண்டும்.

குழந்தையின் நாக்கு என்றதும் வசம்பு. 'பிள்ளை வளர்ப்பான்' என்பார்கள், பொழுது சாய்ந்தால் பெயரைக்கூடச் சொல்லாமல் 'பேர் சொல்லாதது' என்பார்கள். விளக்கில் சுட்டுக் கரியாக்கி, தாய்ப்பாலில் உரசி நாக்கில் தடவுவது. அதில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது குடலில் கட்டிகள் வந்ததால், 1968-இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வசம்பில் எல்லா இனமும் ஒன்றல்ல. வட அமெரிக்க இனத்தில் அந்தப் பொருளே இல்லை, ஐரோப்பிய இனத்தில் குறைவு, இந்தியாவில் வளரும் இனங்களில்தான் அதிகம். கையில் வளையலாகக் கட்டட்டும், தொட்டிலில் தொங்கவிடட்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாத ஒரு வாய்க்குள் அதை ஏன் வைக்க வேண்டும்?

அன்று மாலை அக்காவும் நானும் நாட்டு மருந்துக் கடைக்குப் போனோம். டாக்டர் லேகியத்தில் என்னென்ன என்று எழுதி வரச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறையாகப் பேறுகாலச் சாமான் கொடுக்கும் கடை. மீந்திருந்த பொட்டலங்களைப் பெரியவர் முன்னால் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள் அக்கா. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சித்தரத்தை, திப்பிலி, கண்டந்திப்பிலி, வால்மிளகு, சதகுப்பை, ஜாதிக்காய், மாசிக்காய், அதிமதுரம். ஒவ்வொன்றும் எதற்கு என்றும் சொன்னார், எதை அளவோடு போட வேண்டும் என்றும் சொன்னார். கேட்டால் சொல்கிறவராகத்தான் இருந்தார். இத்தனை வருஷம் நாங்கள் கேட்டதில்லை.

பதினேழாவது பொட்டலத்தில் பழுப்பு நிறத்தில் உடைந்த வேர்த் துண்டுகள். எடுத்து முகர்ந்தார். விரலால் ஒடித்துப் பார்த்தார். நுனி நாக்கில் வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பித் துப்பினார்.

"இது மொத்தக் கடையிலேருந்து செட்டோட வர்றதும்மா" என்றார். "பேர் எனக்கே சரியாத் தெரியல."

அக்கா அந்தப் பொட்டலத்தை மட்டும் மடித்து, அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.